கூடைக்கு விழுந்த குத்து

எங்கள் தொகுதியின் தேர்தல் வரலாற்றை யாராவது ஒழுங்காக எழுதினால், அதில் ஒரு பஞ்சர் கடைக்காரருக்குத் தனி அத்தியாயம் ஒதுக்க வேண்டும். ஒதுக்க மாட்டார்கள். ஜெயித்தவர், தோற்றவர், வித்தியாசம் என்று மூன்று கட்டம் போட்டு முடித்துவிடுவார்கள். அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று எவனும் கேட்பதில்லை. அது பேருந்து நிலையத்துக்குப் பின்னால், என் வெல்டிங் பட்டறைக்கு இரண்டு கடை தள்ளி, ஒரு முக்காலியில் உட்கார்ந்து, டியூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் என் தங்கையின் புருஷன். நான் அவரை மாப்ளே என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். மற்ற எல்லோருக்கும் அவர் ‘பஞ்சர்’. அவருக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது கல்யாணப் பத்திரிகையில் ஒரு தடவை அச்சானது, அதற்குப் பிறகு வாக்காளர் பட்டியலில் சும்மா படுத்துக் கிடந்தது. என் தங்கைகூட அவரை ‘இந்தாங்க’ என்றுதான் கூப்பிடுவாள். தெருவில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

அதே பெயர், முன்னால் வரும் இன்ஷியல் உட்பட, தொகுதியில் இன்னொருவருக்கும் இருந்தது. அவர் வாளிக்கட்சிக்காரர். ரோடு, பாலம், கட்டடம் என்று காண்ட்ராக்ட் எடுத்துச் சம்பாதித்தவர். தொடர்ந்து இரண்டு தடவை எம்.எல்.ஏ. ஆனவர். அவரைப் பற்றி நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது மீசைதான். ஒரு தெருமுனையில் திரும்பும்போது மீசை முதலில் வரும், முகம் பின்னால் வரும். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் இடம் போதாவிட்டால் நெற்றியை மடித்து ஒட்டுவார்கள், தாடையை மடித்து ஒட்டுவார்கள், மீசையில் மட்டும் கை வைக்க மாட்டார்கள்.

எங்கள் தொகுதிக்கு நடுவில் ஆறு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் பாதித் தொழிற்சாலைகள். என் தங்கை வேலை பார்த்தது அந்தப் பக்கம். வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிற கடை. ரெக்சினில் ஊசி ஏற்றி ஏற்றி அவள் வலது கை என் கையைவிட உறுதியாக இருக்கும், நான் இரும்படிக்கிறவன். ஆற்றைத் தாண்ட பாலம் இல்லாததால் தினமும் இரண்டு பேருந்து மாறி ஊரைச் சுற்றிப் போவாள். காண்ட்ராக்டர்தான் பாலத்தை ஆரம்பித்து வைத்தார். மூன்றாவது தடவையும் தன்னை அனுப்பினால் முடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். எதிரில் குடைக்கட்சி சார்பில் ஒரு டாக்டரம்மா நின்றார். அவர் பெரிய ஆஸ்பத்திரி கட்டுவதாகச் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் குடைக்கட்சியின் தேர்தல் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆசாமி ஒருவர் கார் டயரை உருட்டிக்கொண்டு மாப்பிள்ளை கடைக்கு வந்தார். இருட்டினாலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத ஆள்.

“சாயங்காலம் டிரைவர் வந்து வாங்கிப்பான். யார்கிட்ட கேக்கணும்? பேர் என்ன?”

“பஞ்சர்னு கேளுங்க.”

“அது தொழில்ங்க. பேர்?”

மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

“இன்ஷியல்?”

அதையும் சொன்னார்.

வந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். அந்த மனிதருக்குக் கண் இருப்பதை நாங்கள் அன்றுதான் பார்த்தோம்.

“அண்ணே, தேர்தல்ல நிக்கறீங்களா?”

“நான் நாள் பூரா உக்காந்து வேலை பாக்கறவன். நிக்கறதுக்கு எங்கங்க நேரம்?”

“நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம்ணே. பேசக்கூட வேண்டாம். பேர் நின்னா போதும். நீங்க உக்காந்தே இருங்க.”

அதற்குக் கைமாறாகக் கடைக்கு ஒரு கம்ப்ரசர் வந்து இறங்கியது. அதுவரை மாப்பிள்ளை கைப்பம்பில் குனிந்து நிமிர்ந்து காற்றடித்தவர். கம்ப்ரசரை ஓடவிட்டு, குழாயைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்.

என் தங்கை வேலை முடிந்து வந்து பார்த்தாள்.

“என்ன இது?”

“காத்து. தானா வருது பாரு.”

“எதுக்குக் குடுத்தாங்க?”

சொன்னார். அவள் பையைக் கீழே வைத்தாள்.

“உங்க பேரை வெச்சு அந்த மனுஷனைக் கவுக்கப் போறாங்க. அந்த மனுஷன் கவுந்தா எனக்குப் பாலம் போச்சு. நான் ரெண்டு பஸ் மாறிச் சாகணும், நீங்க இங்க காத்து வாங்கணும். இல்ல?”

“ஏம்மா, என் பேரைப் பாத்து எவன் போடப் போறான்? பத்து ஓட்டு விழுமா?”

“உங்களை நிக்க வெச்சு நாலு குத்து குத்தணும்,” என்றாள்.

இது அவள் வழக்கமாகச் சொல்வதுதான். பால் பொங்கினாலும் சொல்வாள், செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தாலும் சொல்வாள். யாரையும் குத்தியதில்லை. அதனால் நானும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

சுயேச்சைகளுக்குச் சின்னம் குலுக்கிப் போட்டார்கள். மாப்பிள்ளைக்குக் கூடை விழுந்தது. வாக்குச்சீட்டு அச்சாகி வந்தபோது காண்ட்ராக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். மேலே வளைந்த பிடி, கீழே அகன்ற வயிறு; கறுப்பு மையில் அச்சடித்தால் வாளிக்கும் கூடைக்கும் பெற்ற தாய்க்குக்கூட வித்தியாசம் தெரியாது. பக்கத்தில் பெயரும் ஒன்று. மேலே ஒருவர், கீழே ஒருவர், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நின்றார்கள்.

வாக்கு எண்ணிக்கைக்கு மாப்பிள்ளையின் முகவராக நான்தான் போனேன். வேறு யாரும் கிடைக்கவில்லை. கல்லூரி மண்டபத்தில் மேசை போட்டு, ஒவ்வொரு சாவடியின் பெட்டியையும் தனித்தனியாகக் கொட்டி எண்ணினார்கள். எங்கள் சாவடிப் பெட்டியைக் கொட்டியபோது, எண்ணிக்கொண்டிருந்த அதிகாரி ஒரு சீட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“யாருய்யா இது, முத்திரை குத்திப் பழகிப் பாத்திருக்காங்க?”

கூடைக் கட்டத்தில் மூன்று முத்திரைகள். ஒன்றின்மேல் ஒன்று. சீட்டே லேசாகக் கிழிந்திருந்தது. வாளிக்காரர்கள் செல்லாது என்றார்கள். அதிகாரி விதியைப் பார்த்துவிட்டு, “எல்லாம் ஒரே கட்டத்துக்குள்ளதான் இருக்கு. செல்லும்,” என்று கூடைச் சீட்டுகளோடு சேர்த்து வைத்தார். யாரோ குடித்துவிட்டு வந்தவன் என்று நாங்கள் சிரித்தோம்.

சாயங்காலம் யாரும் சிரிக்கவில்லை. கூடைக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் ஓட்டு. காண்ட்ராக்டர் தோற்றதோ எண்ணூற்றுச் சொச்சத்தில். டாக்டரம்மா எம்.எல்.ஏ.

மாப்பிள்ளை என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார்.

“மச்சான், யார்கிட்டயும் சொல்லாதீங்க. நானே வாளியிலதான் குத்திட்டேன்.”

“ஏன்?”

“ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சு.”

ஆக, வேட்பாளரே தனக்கு ஓட்டுப் போடவில்லை. நானும் போடவில்லை. பாலம் வந்தால் கைப்பிடிக் கம்பி வேலை என் பட்டறைக்கு வரும் என்ற கணக்கில் நான் வாளிக்குப் போட்டேன். முகவர் வேலை வேறு, ஓட்டு வேறு.

அடுத்த ஐந்து வருஷம் பாலத்தின் நான்கு தூண்கள் ஆற்றுக்குள் நின்று நனைந்தன. ஆஸ்பத்திரிக்குக் கீழ்த்தளம் எழும்பி, மேலே போகப் படிக்கட்டும் கட்டி முடித்து, அது எந்த மாடிக்கும் போகாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதற்குள் அடுத்த தேர்தல் வந்துவிட்டது. கண்ணாடிக்காரர் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை கடைக்குத் தகரக் கூரை, சின்னம் கேட்டு வாங்கிய அதே கூடை.

காண்ட்ராக்டர் இப்போது சும்மா இருக்கவில்லை. ஊர் முழுக்க ‘அசல்’ என்று ஒற்றை வார்த்தையில் சுவரொட்டி ஒட்டினார். கீழே மீசை. ஒரே வாரத்தில் மாப்பிள்ளைக்கு ‘பஞ்சர்’ போய் ‘நகல்’ என்ற பெயர் நிலைத்தது. பள்ளிக்கூடம் போகிற பொடிசுகள்கூட சைக்கிளை நிறுத்தி, “நகல் மாமா, காத்து,” என்றன. பஞ்சர் என்றபோது கோபப்படாத மனிதர் நகல் என்றபோது வாடிப்போனார். தொழிலைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒருவன் இருக்கிறான் என்று அர்த்தம். நகல் என்றால் ஆளே இல்லை என்று அர்த்தம்.

கடைசிக் கூட்டம் பேருந்து நிலையத்தின் பின்பக்கத்தில், கடைக்கு எதிரிலேயே நடந்தது. காண்ட்ராக்டர் மேடையிலிருந்து மாப்பிள்ளையைப் பார்த்தே பேசினார்.

“அவர் நல்ல மனுஷன். என் வண்டிக்கே அவர்தான் பஞ்சர் ஒட்டறாரு. ஆனா ஒண்ணு சொல்றேன். அவருக்கு விழுந்த ஓட்டு ஒண்ணுவிடாம என் ஓட்டு. கண்ணு தெரியாம, அவசரத்துல, தப்பா விழுந்த ஓட்டு. அவரை அவர்தான்னு தெரிஞ்சு, அவருக்குத்தான்னு நினைச்சு, இந்தத் தொகுதியில ஒரே ஒரு ஆள் ஓட்டுப் போட்டிருந்தா, அவரைத் தவிர வேற ஒரே ஒரு ஆள், இந்த மீசையை எடுத்துடறேன்!”

கூட்டம் கைதட்டியது. மாப்பிள்ளை கையிலிருந்த டியூபை அப்படியே தொட்டிக்குள் விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து அவருக்கு அது ஒன்றுதான் யோசனை. ஒரே ஒரு ஆள். பாலமும் ஆஸ்பத்திரியும் எக்கேடு கெட்டால் அவருக்கென்ன. தன்னைத் தெரிந்து, தனக்கென்று, தொகுதியில் ஒரே ஒரு கை நீண்டதா இல்லையா?

“மச்சான், நீங்க?”

“ரகசிய வாக்கெடுப்பு மாப்ளே. கேக்கக்கூடாது.”

அந்தத் தேர்தலில் காண்ட்ராக்டர் நூலிழையில் ஜெயித்தார். எங்கள் சாவடிப் பெட்டியில் அதே மாதிரி ஒரு சீட்டு வந்தது. கூடைக் கட்டத்தில் இப்போது ஐந்து முத்திரைகள். நான் அதை மாப்பிள்ளையிடம் வந்து சொல்லித் தொலைத்தேன். சொல்லியிருக்கக் கூடாது.

“நம்ம சாவடி. நம்ம தெரு ஆளுங்க. தப்பா குத்தறவன் ஒரு தடவைதான் குத்துவான். அஞ்சு தடவை குத்தினவன் அவசரத்துல குத்தினவன் இல்ல மச்சான். அவன் நின்னு நிதானமா, ஆசையா குத்தியிருக்கான்.”

“குடிச்சிருப்பான்.”

“ரெண்டு தேர்தல்லயுமா?”

“ரெண்டு தேர்தல்லயும் குடிக்கறவன் நம்ம தெருவுல நிறைய பேர் இருக்காங்க.”

அவர் கேட்கவில்லை. மூன்றாவது தடவையும் நின்றார், கண்ணாடிக்காரர் தர வந்ததை வாங்காமலே நின்றார். டாக்டரம்மா ஜெயித்தார். ஆஸ்பத்திரிக்கு மாடி வந்தது, ஐந்தாவது தூண் வரைக்கும் வந்த பாலம் மறுபடியும் குளிக்க ஆரம்பித்தது. எங்கள் சாவடிச் சீட்டில் எட்டு முத்திரைகள்.

வீட்டில் என் தங்கையோ, தேர்தல் என்ற சொல்லைக் கேட்டாலே பாத்திரத்தைப் போட்டு உருட்டினாள். மனுத்தாக்கல் செய்கிற அன்று அவருக்குச் சட்டை இஸ்திரி போட்டுக் கொடுப்பாள், அது வேறு. போட்டுக்கொண்டே, “இந்தச் சட்டைக்குள்ள இருக்கற ஆளை நாலு குத்து குத்தணும்,” என்பாள்.

நான்காவது தேர்தலுக்கு முன்னால் தொகுதி எல்லையை மாற்றி வரைந்தார்கள். எங்கிருந்தோ வந்த கோடு, காண்ட்ராக்டர் வீடு இருந்த தெருவின் நடுவே ஓடியது. எதிர்வீடு எங்கள் தொகுதி, அவர் வீடு பக்கத்துத் தொகுதி. “என் வீட்டுல இருந்து துப்பினா என் தொகுதியில விழுது, ஆனா நான் வெளியூர்க்காரனாம்,” என்று கோபித்துக்கொண்டு அவர் ஓய்வெடுத்தார். வாளிக்கட்சி அவர் மருமகனை நிறுத்தியது. ஆக, சீட்டில் அந்தப் பெயரில் இப்போது இரண்டு பேர் இல்லை. கண்ணாடிக்காரரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் வெளிச்சம். “மச்சான், இப்பதான் சரியான சமயம். இனிமே எனக்கு விழறது எனக்குத்தான விழும்?”

“உங்களை யாருமே கூப்பிடலையே! கேக்க ஆள் இல்லாமயே போய் நிப்பீங்களா?” என்று தங்கை கத்தினாள்.

நின்றார். இந்தத் தடவை பிரசாரமும் செய்தார். சைக்கிளில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய், “நான் நகல் இல்லைங்க, நான் பஞ்சர்ங்க, கூடைங்க,” என்று சொன்னார். வேறு எந்த வாக்குறுதியும் தரவில்லை.

முந்நூற்றுச் சொச்சம் ஓட்டு விழுந்தது. காண்ட்ராக்டர் கடைக்கே வந்து, முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சிரித்தார்.

“பஞ்சர், அதுவும் என் ஓட்டுதான்யா. இருபது வருஷமா என் பேரைத் தேடிக் குத்திப் பழகின கிழடுங்க. மருமகன் நிக்கறான்னு எவ்வளவு சொல்லியும் ஏறல. பேரைப் பாத்தாங்க, குத்திட்டு வந்துட்டாங்க.”

“நம்ம சாவடியில ஒரு சீட்டு இருந்துச்சுங்க,” என்றார் மாப்பிள்ளை.

அதை இந்தத் தடவை அவரே கண்ணால் பார்த்திருந்தார். கூடைக் கட்டம் தெரியாத அளவுக்கு முத்திரை. அதிகாரி ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார். பதினொன்று. அதைக் கையில் வாங்கிப் பார்க்க மாப்பிள்ளை கேட்ட விதத்தில் எனக்கே கஷ்டமாக இருந்தது. அதிகாரி தரவில்லை, ஆனால் திருப்பிக் காட்டினார்.

“கொண்டாய்யா அந்த ஆளை. என் எதிர்ல வந்து, பஞ்சர்னு தெரிஞ்சுதான் குத்தினேன்னு சொல்லட்டும். அப்புறம் பாரு,” என்று மீசையைத் தடவிக்கொண்டு போனார் காண்ட்ராக்டர்.

மாப்பிள்ளை மறுநாளே கடை வாசலில் பலகை மாட்டினார். கூடைக்குப் பல குத்து குத்திய அன்பர் நேரில் வந்தால் ஆயுள் முழுவதும் பஞ்சர் இலவசம்.

“எத்தனை குத்துன்னு மட்டும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க மாப்ளே. வீட்டுலயும்தான்,” என்று நான் சொல்லிவைத்தேன். அந்தப் புத்தி எனக்கு அன்றைக்கு எப்படி வந்ததோ.

பலகை மாட்டியதும் எங்கள் தெருவில் இத்தனை அன்பர்கள் இருப்பது தெரியவந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வரிசையே நின்றது. காண்ட்ராக்டரும் வேடிக்கை பார்க்க ஜீப்பில் வந்து இறங்கினார். வந்த ஜீப்புக்கும் வழியில் பின்சக்கரம் இறங்கியிருந்தது. டயரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, முக்காலியில் கால்மேல் கால் போட்டு அவரே விசாரணையை ஆரம்பித்தார்.

முதலில் டீக்கடைக்காரர்.

“நீ குத்தினியா?”

“ஆமாங்க. பஞ்சர் என் உயிர்.”

“எத்தனை குத்து?”

“ஒண்ணு. நச்சுனு.”

“பலகையில பலனு போட்டிருக்கு. படிச்சியா? போ. அடுத்தது?”

ஆட்டோக்காரர் இரண்டு என்றார். பேப்பர் போடுகிறவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று, நான்கு, ஐந்து என்று ஏறிக்கொண்டே போனார், நான் தலையை ஆட்டுவேன் என்ற நம்பிக்கையில். எதிர்க் கடையில் முடிவெட்டுகிறவர், “எண்ணலைங்க. உணர்ச்சியில குத்தினேன்,” என்றார். காண்ட்ராக்டருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது, ஆனாலும் தள்ளிவிட்டார்.

“என்ன பொண்ணு வீட்டுக்காரரே, எத்தனைங்க சரியான கணக்கு?” என்று என்னைக் கேட்டார்.

நான் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, மடித்து, அவர் சட்டைப் பையில் வைத்தேன். “யாராவது சொன்னா பிரிச்சுப் பாருங்க.”

வரிசை கரைந்தது. எல்லோருக்கும் சைக்கிள் இருந்தது, ஒருவருக்கும் கணக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை டயரை நெம்பிக்கொண்டே ஒவ்வொருவர் சொல்லும்போதும் தலையைத் தூக்கினார், பிறகு குனிந்துகொண்டார். கடைசி ஆளும் போனபின் தலையைத் தூக்கவே இல்லை.

“விடுய்யா,” என்றார் காண்ட்ராக்டர். அவர் குரலில் கிண்டல் கொஞ்சம் குறைந்திருந்தது. “எனக்கு மட்டும் எத்தனை பேர் என்னைத் தெரிஞ்சு போட்டான்? பாதிப் பேர் வாளிக்குப் போட்டான், மீதிப் பேர் மீசைக்குப் போட்டான்.”

அப்போதுதான் என் தங்கை சாப்பாட்டுக் கேரியரோடு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளே கொண்டுவருவாள். பலகையைப் பார்த்தாள். அதுவரை அவளுக்கு அப்படி ஒரு பலகை மாட்டியது தெரியாது.

“இது என்ன புதுக் கூத்து? ஆயுள் முழுக்க இலவசமா? யாருக்கு?”

“யாரோ ஒருத்தர் கூடையில நிறைய குத்து குத்தியிருக்காங்கம்மா,” என்றார் காண்ட்ராக்டர். “அந்தப் புண்ணியவானைத் தேடிக்கிட்டு இருக்கோம். உன் புருஷனுக்கு அப்படி ஒரு ரசிகன்.”

“ரசிகனா!” என்றாள். கேரியரை மேசையில் ணங்கென்று வைத்தாள். “பதினொரு குத்து குத்தினா ரசிகனா?”

மாப்பிள்ளை கையிலிருந்த நெம்புகோல் கீழே விழுந்தது.

காண்ட்ராக்டர் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்தார். படித்தார். தூரத்தில் வைத்து மறுபடியும் படித்தார்.

“நீயாம்மா?”

“பின்ன யாரு? வெளிய வெச்சுக் குத்தினா ஊரு சிரிக்கும். அங்க ஒரு மறைப்பு கட்டி, கையில ஒரு முத்திரையும் குடுத்து, இவர் பேரையும் எழுதி வெச்சு, யாரும் பாக்க மாட்டாங்க குத்துன்னு அரசாங்கமே சொல்லுது. விடுவேனா? முதல் தடவை என் பாலம் போனதுக்கு மூணோட நிறுத்தினேன். இந்தத் தடவை யாரும் கூப்பிடாமயே போய் நின்னாரு பாருங்க, அதுக்குத்தான் பதினொண்ணு. வெளிய நின்ன ஆளு சீக்கிரம் வாங்கம்மான்னு கத்தினான், இல்லன்னா இன்னும் இருக்கு.”

“நாலு தேர்தல்லயுமா?” என்றார் மாப்பிள்ளை.

“நீங்க நாலு தடவையும் நின்னீங்க இல்ல?”

காண்ட்ராக்டர் எழுந்து நின்றார். “அம்மா, ஒரு நிமிஷம். பாலம் வரலைன்னுதான உனக்குக் கோபம்? அப்ப எனக்குல்ல நீ போட்டிருக்கணும்? உன் ஒரு ஓட்டு எனக்கு வந்திருக்கும்.”

“உங்க மேல எனக்கு என்னங்க கோபம்?” என்றாள் அவள். “உங்களை எனக்கு யாருன்னே தெரியாது.”

மூன்று தடவை சட்டமன்றத்துக்குப் போனவர், சும்மா விடுவாரா?

“இது ஓட்டே இல்லய்யா. இது அடி. கோபத்துல அடிச்சதையெல்லாம் ஆதரவுன்னு எப்படிக் கணக்குல சேக்கறது?”

“ஆதரவுன்னு நீங்க மேடையில சொல்லலைங்க,” என்றேன் நான். “தெரிஞ்சு, இவருக்குத்தான்னு நினைச்சு, ஒரே ஒரு ஆள்னு சொன்னீங்க. ஊரே கேட்டுச்சு. இவளைவிட இவரைத் தெரிஞ்ச ஆள் தொகுதியில யாரு? இவருக்குத்தான்னு நினைக்காம இந்தக் குத்து விழுமா?”

“அதிகாரியும் செல்லும்னுட்டார்ங்க,” என்றார் மாப்பிள்ளை மெதுவாக.

எதிர்க் கடை வாசலில் முடிவெட்டுகிறவர் ஏற்கனவே துண்டை உதறிக்கொண்டு நின்றார்.

காண்ட்ராக்டர் மேல்துண்டை ஜீப்பில் போட்டுவிட்டுத் தெருவைக் கடந்து போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சொன்னதைச் செய்த அரசியல்வாதியை எங்கள் தொகுதி அன்றுதான் பார்த்தது. டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தார். ஆட்டோக்காரர் ஓட்டத்தை விட்டுவிட்டு நின்றார். இரண்டு பக்கமும் போய் முடிந்ததும் முடிவெட்டுகிறவர் கண்ணாடியைப் பின்னால் காட்டினார், பழக்கத்தில். பின்னால் பார்க்க என்ன இருக்கிறது.

இங்கே மாப்பிள்ளை தொட்டித் தண்ணீரில் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். தங்கை கேரியரைப் பிரித்துத் தட்டில் போட்டாள்.

“பதினொண்ணா?” என்றார் அவர், தட்டைப் பார்த்துக்கொண்டே.

“சாப்பிடுங்க.”

“கட்டத்தைத் தாண்டி ஒண்ணுகூடப் போகல. எல்லாம் உள்ளயே இருந்துச்சு.”

“தைக்கறவ கை. கோடு தாண்டாது,” என்றாள் அவள். “அடுத்த தடவை நின்னீங்க, சீட்டோட சேத்து மேசையையும் குத்துவேன்.”

அவருக்குப் புரை ஏறியது. சிரிப்பா, சோறா தெரியவில்லை. அவள் தண்ணீரை நகர்த்தி வைத்தாள்.

காண்ட்ராக்டர் திரும்பி வந்தார். மீசை போன பிறகு அந்த முகத்தில் மூக்கும் வாயும் இருப்பது தெரிந்தது, சாதாரண மூக்கு, சாதாரண வாய். தெருவில் அவரைக் கடந்து போன இரண்டு பேர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருபது வருஷம் வணக்கம் வாங்கியவர் அதை ரசித்த மாதிரிதான் இருந்தது. ஜீப்பின் டயர் இன்னும் தயாராகாததால் முக்காலியில் வந்து உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு லாரி வந்து நின்றது. டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி முக்காலியில் இருந்தவரைப் பார்த்துக் கத்தினார்.

“அண்ணே! பின்னாடி ரெண்டுக்கும் காத்து. சீக்கிரம்!”

மாப்பிள்ளை தட்டோடு எழுந்திருக்கப் பார்த்தார். காண்ட்ராக்டர் கையைக் காட்டி உட்கார வைத்துவிட்டு, அவரே கம்ப்ரசர் குழாயை எடுத்துக்கொண்டு போனார். தன்னைக் கவிழ்ப்பதற்காக வாங்கிக் கொடுக்கப்பட்ட கம்ப்ரசர் என்பது அவருக்குத் தெரியும். அடித்தார். பரவாயில்லாமல்தான் அடித்தார்.

“என்னண்ணே, புது ஆளா? பஞ்சர் இல்லையா?” என்றார் டிரைவர்.

“அசல் சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு,” என்றார் காண்ட்ராக்டர். “நான் நகல்.”